முழங்கை வரை

எல்ஸ்மியர் வீதியில், பல் வைத்தியருக்கும்
பீட்சாக் கடைக்கும் நடுவில் எங்கள் இடம்.
வாசல் பலகையில் முதலாளி எழுதியிருக்கிறார்:
"உடலின் நஞ்சை உருவி எடுப்போம்."
தினமும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டுதான்
நான் உள்ளே நுழைகிறேன்.

தவயோகினி இன்று ஆறாவது முறை.
மகனின் ஹாக்கி ஜாக்கெட், முதுகில் பதினேழு.
அவருடைய சொந்தக் கோட்டுக்குள்
இடது கை நுழைவதில்லை.
மார்பை அகற்றியபோது அக்குளிலிருந்து
பதினொரு கணுக்களையும் எடுத்துவிட்டார்கள்.
அன்றிலிருந்து கையில்
வந்ததெல்லாம் வந்தபடி கிடக்கிறது,
குப்பை லொறி வராத வீதி மாதிரி.

"பிள்ளை, நஞ்செல்லாம் இண்டைக்கு வெளியில வந்திடுமோ?"

"நஞ்சில்லை அன்ரி. தண்ணி. கொஞ்சம் புரதம்.
செத்த கலங்களின்ர துணுக்கு.
எல்லாற்ற உடம்பிலயும் நாளாந்தம் சேருறதுதான்.
நஞ்சைப் பாக்க ஈரல் இருக்கு,
சிறுநீரகம் ரெண்டு இருக்கு.
அதுகள் பலகை எழுதி வைக்கிறேல்லை."

சிரிக்கிறார். தழும்பு இழுக்க
பாதியில் நிறுத்திக்கொள்கிறார்.

முதல் நாள், "நல்லா அழுத்துங்கோ" என்றார்.
விமானச் சாப்பாட்டுப் பெட்டி அடுக்கிய
இருபத்திரண்டு வருட உடம்பு,
நோகாத எதையும் வைத்தியமென்று நம்பாது.
இது பிசைவதல்ல.
ஒரு இருபத்தைந்து சதக் குற்றியின் எடை.
தோலை மட்டும் நகர்த்தி, விட்டு,
அது தன்பாட்டில் திரும்பி வரும்வரை
காத்திருப்பது.

வீங்கிய கையில் தொடங்குவதுமில்லை.
கழுத்தெலும்புக் குழியில் தொடங்கி
வலது அக்குளுக்குப் போகிறேன்.
"அது நல்ல கை, பிள்ளை."
தெரியும்.
நானூற்றொன்றில் மாலை ஐந்து மணிக்கு
பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடித்து என்ன காணும்?
முன்னால் நிற்பது நகர வேண்டும்.

இரத்தத்துக்கு இதயம் இருக்கிறது,
இரவு பகலாய்த் தள்ளிவிட ஒரு ஆள்.
நிணநீருக்கு அப்படி யாருமில்லை.
குழாய்கள் தாமாகக் கொஞ்சம் சுருங்கும்,
மிச்சத்துக்கு நாம்தான் அசைய வேண்டும்.
கை வீசினால் கொஞ்சம். நடந்தால் கொஞ்சம்.
மூச்சை ஆழ இழுத்தால் இன்னும் கொஞ்சம்.

வயிறு எழும்ப மூச்சு எடுக்கச் சொல்கிறேன்.
எடுக்கிறார்.
மூன்றாவது மூச்சில் அழுகிறார்.
ஆஸ்பத்திரியில் அழவில்லையாம்,
மனிசனுக்கு முன்னால் அழவேயில்லையாம்.
கூரையைப் பார்த்தபடி சொல்கிறார்,
கறிக்கு உப்பளவு சொல்வதுபோல.
நான் கையை எடுக்கவில்லை,
வேகத்தை மாற்றவுமில்லை.
கண்ணீர் காதுப்பக்கமாய் இறங்கி
தலையணை உறையை நனைக்கிறது.
எந்தப் படத்திலும் நான் படிக்காத பாதை.

அளவுநாடா: முன்கையில் ஏழு மில்லிமீற்றர் குறைவு.
"ஏழுதானோ?"
காப்புறுதியில் இன்னும் இரண்டு தடவைக்குத்தான் காசு.
அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கட்டிலை விட்டு இறங்கியதும்
நேரே கழிவறைக்குப் போகிறார்.
தண்ணீர் இழுபடும் சத்தம் சுவரால் கேட்கிறது.
முதலாளி கேட்டிருந்தால்
பலகையில் இன்னொரு வரி ஏறியிருக்கும்.

திரும்பி வந்து பையைத் திறக்கிறார்.
கருநீலக் கோட்டு. ஒவ்வொரு முறையும் கொண்டுவருவார்.
மணிக்கட்டு போகிறது.
முன்கை, சீலையைத் தேய்த்துக்கொண்டு, போகிறது.
முழங்கையில் நிற்கிறது.

"போனமுறை இவ்வளவும்தான்"
மணிக்கட்டுக்கு மேல் நாலு விரல் வைத்துக் காட்டிவிட்டு,
கோட்டை மடித்து வைத்து
பதினேழாம் இலக்கத்தை மாட்டிக்கொண்டு போகிறார்.

கண்ணாடிக்கு வெளியே மார்ச் மாதச் சேற்றுப் பனி.
பஸ் தரிப்பில் நின்று
நான் சொல்லிக்கொடுத்தபடி
இடது கையை உயரத் தூக்கி
விரல்களை மடக்குகிறார், விரிக்கிறார்,
மடக்குகிறார், விரிக்கிறார்.
தன்னைத்தான் மறிக்கிறார் என்று எண்ணி
இரண்டு சந்திக்கு அப்பால் வரும் பஸ்
இப்போதே சிக்னல் போடுகிறது.